கூட்டின் எண் சரி, உள்ளே இருந்தது வேறு: ஒரு பழைய ஷூர்-கிரிப் டிஃபரன்ஷியலை அடையாளம் கண்ட விவரம்

"742 கூடு, 3.55 விகிதம், கிளட்ச் வகை ஷூர்-கிரிப், ஒன்றும் குறையாமல் முழுசாக இருக்கிறது தம்பி. கூடவே ஒரு பெட்டி உதிரியும் இருக்கிறது, அதைச் சும்மாவே எடுத்துக்கொள்."

விற்ற பெரியவர் தொலைபேசியில் என் நண்பரிடம் சொன்னது இவ்வளவுதான். திருப்பத்தில் இரண்டு பின்சக்கரங்களும் வேறு வேறு வேகத்தில் சுழல விடுகிற கியர் அமைப்புதான் டிஃபரன்ஷியல், ஷூர்-கிரிப் என்பது அதில் ஒரு லிமிடெட் ஸ்லிப் வகை. இதில் நான்கு தகவல்கள் இருக்கின்றன. பொருள் வந்து, மேசையில் ஏற்றி, கழுவி, பிரித்துப் பார்த்து முடித்தபோது அந்த நான்கில் ஒன்று மட்டும்தான் சரியாக இருந்தது. அவர் ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன். அவரிடம் அது வந்தபோது அவருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள். பழைய லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது இங்கேதான் என்பதால், நாங்கள் எதை எப்படிப் பார்த்தோம், எந்த இடத்தில் தவறாக நினைத்தோம் என்பதை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

வண்டி 1968 டாட்ஜ் கோரனெட், 383 கன அங்குல வி8. பின்னால் இருப்பது கிரைஸ்லரின் 8¾ ஆக்சில். எஞ்சின் பக்கத்திலிருந்து சுற்றுகிற சின்னப் பல்சக்கரம் பினியன், அது சுற்றுகிற பெரிய பல்சக்கரம் கிரவுன் வீல். கிரவுன் வீலின் விட்டம் 8¾ அங்குலம், அதனால் அந்தப் பெயர். வண்டியோடு வந்தது 3.23 விகிதத்தில் (கிரவுன் ஒரு சுற்று வர பினியன் 3.23 சுற்று சுற்றும்) சாதாரண டிஃபரன்ஷியல். நல்ல நிலையில் இருந்தது, சத்தம் இல்லை, கசிவு இல்லை. ஆனால் ஈரத்தில் கொஞ்சம் அழுத்தினாலே ஒரு சக்கரம் மட்டும் சுழன்று வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு சக்கரத்துக்கும் ஒரே அளவு முறுக்கைத்தான் கொடுக்கும். ஒரு பக்கம் பிடிப்பு போய்விட்டால் அந்தப் பக்கம் எவ்வளவு குறைவாகத் தாங்குமோ அதே குறைவுதான் மறுபக்கத்துக்கும் போகும். லிமிடெட் ஸ்லிப்பில் உள்ளே ஓர் உராய்வு அமைப்பு இருக்கிறது, அது இரண்டு பக்கத்தையும் ஓரளவு சேர்த்துப் பிடிப்பதால் பிடிப்புள்ள சக்கரத்துக்குக் கூடுதல் முறுக்கு போகிறது. நண்பருக்கு வேண்டியது அதுதான், அதுவும் அந்தக் காலத்து அசல் உறுப்பாகவே வேண்டும் என்பது அவருடைய ஆசை.

தொடங்கும் முன் இரண்டு சொற்களைத் தெளிவாக்கிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் குழப்பத்தில் பாதி இதிலிருந்துதான் வந்தது. ஆக்சில் ஹவுசிங்கின் முன்பக்கம் போல்ட் போட்டு நிற்கிற, பினியனையும் பக்க பேரிங்குகளையும் தாங்குகிற வார்ப்பிரும்பு உறுப்பை இங்கே வெளிக்கூடு என்கிறேன். அதற்குள் கிரவுனோடு சேர்ந்து சுற்றுகிற, ஸ்டார் பினியன்களும் (சின்ன இடைக் கியர்கள்) சைடு கியர்களும் (அவற்றோடு பல் கோர்த்து ஆக்சில் ஷாஃப்டுகளைச் சுற்றுபவை) அடங்கிய உறுப்பு உள்கூடு. கடைப்பேச்சில் இரண்டையுமே கேரியர் என்றுதான் சொல்கிறார்கள். "கேரியர் 742" என்று ஒருவர் சொன்னால் அவர் எதைச் சொல்கிறார் என்று கேட்டே ஆக வேண்டும். 742 என்பது வெளிக்கூட்டின் எண். உள்கூடு ஷூர்-கிரிப்பா இல்லையா என்பதற்கும் அந்த எண்ணுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

இந்த ஆக்சிலில் இன்னொன்றும் இருக்கிறது. ஆக்சில் ஷாஃப்டுகளை இரண்டு பக்கமும் வெளியே இழுத்து, முன்பக்க நட்டுகளைக் கழற்றினால் வெளிக்கூடு, பினியன், கிரவுன், உள்கூடு எல்லாம் ஒரே கட்டியாக முன்னால் வந்துவிடும். பின்னால் மூடி கிடையாது. மாற்றுவதற்கு இவ்வளவு வசதியாக இருந்ததால் அந்தக் காலத்தில் வார இறுதிக்கு ஒரு விகிதம், வார நாளுக்கு ஒரு விகிதம் என்று மாற்றி மாற்றிப் போட்டவர்கள் உண்டு. ஐம்பது வருஷத்துக்கு மேல் கடந்துவிட்ட பிறகு, எந்தக் கூட்டுக்குள் எந்த உறுப்பு போயிருக்கும் என்பதை வெளியே பார்த்துச் சொல்ல முடியாது.

சரி, மேசைக்கு வருவோம்.

முதலில் வார்ப்பு எண். வெளிக்கூட்டின் இடது பக்கம் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்ததும் 2070742 தெளிவாகத் தெரிந்தது. இந்த 8¾ வகையில் மூன்று வெளிக்கூடுகளை நினைவில் வைத்துக்கொண்டால் போதும், எண்ணின் கடைசி மூன்று இலக்கத்தை வைத்தே பேசுவார்கள்: 741, 742, 489. வித்தியாசம் பினியன் தண்டின் தடிமனில் இருக்கிறது. 741-ல் 1⅜ அங்குலம், 742-ல் 1¾ அங்குலம், 1969 வாக்கில் வந்த 489-ல் தலைப்பக்கம் 1⅞ அங்குலமாகத் தொடங்கிக் குறுகிப் போகும். 741-லும் 742-லும் பினியன் பேரிங்கின் இறுக்கத்தை ஷிம் என்கிற மெல்லிய தகடு வைத்துச் சரிசெய்வார்கள், 489-ல் நசுங்கும் ஸ்லீவ். ஆக 742 என்ற எண் எங்களுக்குச் சொன்னது ஒன்றே ஒன்று: இதற்குள் 1¾ அங்குலத் தண்டுள்ள பினியன்தான் போகும். விற்றவர் சொன்ன நான்கில் சரியாக இருந்த ஒன்று இதுதான்.

அடுத்து விகிதம். ஒரு போல்ட்டின் அடியில் சின்னத் தகரச் சீட்டு, அதில் 3.55. நண்பர் அதைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டார். நான் சீட்டைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, யோக்கின் (பினியனின் முன்முனையில் புரொபெல்லர் ஷாஃப்ட் மாட்டுகிற உறுப்பு) மேல்பக்கம் வெள்ளை பெயிண்ட்டால் ஒரு புள்ளி, கிரவுனின் ஒரு பல்லில் ஒரு புள்ளி வைத்தேன். கிரவுன் ஒரு முழுச் சுற்று வரும்வரை யோக்கைக் கையால் சுற்றி எண்ணினால் போதும். 3.55 ஆக இருந்தால் மூன்று சுற்று முடிந்து பாதிக்குச் சற்று மேலே போய் நிற்க வேண்டும். இது மூன்று சுற்று முடிந்து கால் சுற்றுக்கூட வரவில்லை. மறுபடியும் சுற்றினோம், அதே இடம். கிரவுனின் வெளி விளிம்பை டீசலில் கழுவித் துடைத்தபோது 42, 13 என்ற இரண்டு எண்கள் பொறித்திருந்தன. 42-ஐ 13-ஆல் வகுத்தால் 3.23. நண்பரின் வண்டியில் ஏற்கெனவே இருக்கிற விகிதம்.

தகரச் சீட்டு ஒரு போல்ட்டை நம்பி நிற்கிற பொருள். யூனிட்டைக் கழற்றுகிறவர் போல்ட்டையும் சீட்டையும் தட்டில் போடுகிறார், மாட்டும்போது கையில் கிடைத்ததை மாட்டுகிறார். சீட்டை ஒரு துப்பாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும், அதுவும் ஏதோ ஒரு காலத்தில் இதற்குப் பக்கத்தில் ஒரு 3.55 யூனிட் இருந்திருக்கலாம் என்கிற அளவுக்குத்தான். இந்தத் துப்பு பிறகு உண்மையாகவே உதவியது.

மூன்றாவது, இதுதான் முக்கியமானது. ஷூர்-கிரிப் என்பது கிரைஸ்லர் வைத்த விற்பனைப் பெயர். அதே பெயரில் 8¾ ஆக்சிலில் முற்றிலும் வேறான இரண்டு அமைப்புகள் வந்திருக்கின்றன. 1950-களின் பிற்பகுதியிலிருந்து 1969 வரை போனது டானாவின் பவர்-லாக், பிளேட் கிளட்ச் வகை. அதன்பின் ஆக்சில் 1974-ல் முடியும்வரை போனது போர்க்-வார்னரின் கூம்பு வகை. இரண்டுக்குமே ஆவணங்களில் ஷூர்-கிரிப் என்றுதான் இருக்கும், பழைய விளம்பரத்திலும் அப்படித்தான் இருக்கும். பழுது பார்க்கிறவருக்கோ இரண்டும் வேறு வேறு உலகம்.

பவர்-லாக்கில் நான்கு ஸ்டார் பினியன்கள், அவற்றைத் தாங்க ஒன்றுக்கொன்று குறுக்காக நிற்கும் இரண்டு தனித் தண்டுகள். அந்தத் தண்டுகளின் முனைகள் வி வடிவில் சீவப்பட்டு, உள்கூட்டில் அதே வடிவில் வெட்டிய சரிவுகளில் உட்கார்ந்திருக்கும். முறுக்கு ஏறும்போது தண்டுகள் சரிவில் ஏறி ஒன்றைவிட்டு ஒன்று விலகும், விலகும்போது இரண்டு பக்கமும் உள்ள பிளேட் கட்டுகளை அழுத்தும். அதிக முறுக்கு, அதிக அழுத்தம். கூடவே தட்டுப்போல் குழிந்த ஸ்பிரிங் பிளேட்டுகள் முறுக்கே இல்லாதபோதும் கொஞ்சம் இறுக்கம் கொடுத்துக்கொண்டிருக்கும். கூம்பு வகையில் பிளேட்டே கிடையாது. சைடு கியரின் பின்னால் ஒரு கூம்பு, அது உள்கூட்டிலேயே கடைந்த கூம்புப் பள்ளத்தில் போய் ஆப்புப்போல் உட்காரும், நடுவில் சுருள் ஸ்பிரிங்குகள் இரண்டு கூம்பையும் வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டிருக்கும்.

அதனால் அடையாளம் காண்பது உண்மையில் சுலபம். உள்கூட்டின் ஜன்னல் வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். பெருக்கல் குறிபோல் இரண்டு தண்டுகள் குறுக்கே போனால் கிளட்ச் வகை. சுருள் ஸ்பிரிங் தெரிந்தால் கூம்பு வகை. நாங்கள் பார்த்தபோது ஸ்பிரிங் தெரிந்தது.

நண்பர் பேசவே இல்லை. நானும் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். உண்மையில் இதை நாங்கள் பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டிருக்க முடியும். 742 கூடு 1969-ஐ ஒட்டி முடிந்துபோகிற கூடு, கூம்பு வகை அப்போதுதான் தொடங்குகிறது. 742-க்குள் கூம்பு வகை இருந்தால் யாரோ பிறகு மாற்றியிருக்க அதிக வாய்ப்பு. ஜன்னல் வழியாக டார்ச் அடித்து ஒரு படம் எடுத்து அனுப்புங்கள் என்று கேட்டிருந்தால் போதும், அவர் மறுத்திருக்க மாட்டார். நாங்கள் கேட்டு வாங்கியது வார்ப்பு எண்ணின் படமும் சீட்டின் படமும் மட்டும்.

கூம்பு வகை என்றாலே வேண்டாம் என்று தூக்கிப் போட வேண்டியதில்லை, நல்ல நிலையில் இருந்தால் அது நன்றாகவே வேலை செய்யும். ஆகவே சோதித்தோம். யோக்கை வைஸில் அசையாமல் பிடித்து, இரண்டு பக்கமும் பழைய ஆக்சில் ஷாஃப்டின் வெட்டிய முனைகளைச் செருகி, ஒன்றைக் கையால் திருப்பினேன். எந்தச் சிரமமும் இல்லாமல் திரும்பியது, மறுமுனை எதிர்த்திசையில் அதே வேகத்தில் சுற்றியது, அதாவது சாதாரண டிஃபரன்ஷியல் போலவே. பிரித்துப் பார்த்தபோது காரணம் கண்ணுக்கே தெரிந்தது. கூம்பின் மேல் எண்ணெயை வெட்டி ஒதுக்குவதற்காகச் சுருளாக வரி போட்டிருப்பார்கள். அந்த வரிகள் பெரும்பகுதி தேய்ந்து கண்ணாடிபோல் பளபளத்தன. கூம்பின் முன்முனை உள்கூட்டின் அடியைத் தொட்ட வட்டத் தடம் இரண்டு பக்கமும் இருந்தது. அடியைத் தொட்டுவிட்டால் அதற்கு மேல் கூம்பு ஆப்பாக இறங்க முடியாது, ஸ்பிரிங் எவ்வளவு தள்ளினாலும் உராய்வு வராது.

கூம்பின் முனையைக் கடைந்து கொஞ்சம் குறைத்து மறுபடியும் இறங்க இடம் கொடுக்கிற வழக்கம் உண்டு. வரிகள் நன்றாக இருந்து முனை மட்டும் தட்டுகிறது என்றால் அதற்குப் பொருள் இருக்கிறது. வரியே போன கூம்புக்கு அது வீண் வேலை என்பது என் கருத்து. உராயும் பரப்பில் ஒரு பாதி உள்கூட்டின் சுவரிலேயே இருப்பதால் பிளேட் மாற்றுவதுபோல் ஒரு தொகுப்பு வாங்கி மாற்றவும் வழியில்லை. இந்த உள்கூட்டை ஒதுக்கினோம்.

இங்கே ஓர் அவசியமான கிளைச்செய்தி. வண்டியில் இருந்து கழற்றாமலே பார்க்க வேண்டியிருந்தால், இரண்டு பின்சக்கரங்களையும் ஸ்டாண்டில் தூக்கி, கியரை நியூட்ரலில் வைத்து ஒரு சக்கரத்தைச் சுற்றச் சொல்வார்கள். மறுசக்கரம் அதே திசையில் சுற்றினால் லிமிடெட் ஸ்லிப், எதிர்த்திசையில் சுற்றினால் சாதாரணம். இது பாதி உண்மைதான். தேய்ந்துபோன லிமிடெட் ஸ்லிப் எதிர்த்திசையில் சுற்றும், எங்கள் யூனிட் போல. ஸ்டார் பினியன்களை வெல்டிங் செய்து இறுக்கிவிட்ட டிஃபரன்ஷியல் அதே திசையில்தான் சுற்றும், அதை வாங்கிவிட்டால் ஒவ்வொரு திருப்பத்திலும் டயரைத் தேய்த்துக்கொண்டுதான் போக வேண்டும். பிரேக் ஒட்டிக்கொண்டிருந்தால் சாதாரண டிஃபரன்ஷியல்கூட தப்பான விடை சொல்லும். அதனால் இரண்டாவது முறை புரொபெல்லர் ஷாஃப்டை அசையாமல் பிடித்துக்கொண்டு ஒரு சக்கரத்தைத் திருப்பிப் பாருங்கள். சுலபமாகத் திரும்பினால் சாதாரணம், அல்லது தேய்ந்தது. நீண்ட கம்பி போட்டு அழுத்தினால் இறுக்கமாக, ஆனால் சீராகத் திரும்பினால் உயிரோடு இருக்கிற லிமிடெட் ஸ்லிப். எவ்வளவு அழுத்தினாலும் பல் இடைவெளி அளவுக்கு மேல் அசையவே இல்லை என்றால் வெல்டிங் செய்தது, அல்லது ஸ்பூல், அதாவது இரண்டு ஷாஃப்டையும் நேராக இணைத்துவிடும் உறுப்பு.

அப்புறம் அந்தப் பெட்டி. "சும்மாவே எடுத்துக்கொள்" என்று வந்த பெட்டி. அதில் என்னென்ன இருந்தது என்றால், கிரவுன் ஒன்று, பினியன் ஒன்று, கருத்துப்போன எண்ணெய்க்குள் இரண்டாகப் பிரிந்து கிடந்த ஓர் உள்கூடு, ஸ்டார் பினியன்கள், சைடு கியர்கள், கொத்தாக ஒட்டிக்கொண்ட பிளேட்டுகள், சில ஸ்பிரிங்குகள், போல்ட்டுகள். முதல் நாள் நாங்கள் இதைத் திறந்து பார்த்துவிட்டு மூடி வைத்துவிட்டோம். அது தவறு.

இரண்டாம் நாள் ஒவ்வொன்றாகக் கழுவி ஒரு வெள்ளைத் துணியில் பரப்பினேன். முதலில் கண்ணில் பட்டது ஆங்கில எஸ் எழுத்து வடிவத்தில் வளைந்த ஒரு ஸ்பிரிங். அது ஃபோர்டின் டிராக்ஷன்-லாக்கில் சைடு கியர்களுக்கு நடுவே போகிறது, கிரைஸ்லருக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. அதன் கூடவே உள்விட்டம் பொருந்தாத இரண்டு பிளேட்டுகள், அவையும் அந்தக் குடும்பத்தவை என்று ஒதுக்கினேன். இந்த மாதிரி கலப்புப் பெட்டியில் எந்த அமைப்பு எந்தக் குடும்பம் என்று பிரிக்க எனக்குத் தெரிந்த வேகமான வழி, முறுக்கு ஏறும் முன்பே இருக்கிற இறுக்கம் எதனால் வருகிறது என்று பார்ப்பது. எஸ் வடிவ ஸ்பிரிங் என்றால் ஃபோர்டு டிராக்ஷன்-லாக். இரண்டு தகடுகளுக்கு நடுவே சின்னச் சுருள் ஸ்பிரிங்குகள் ஒரு கட்டாக இருந்தால் செவ்ரலே பாசிட்ராக்ஷன் என்ற பெயரில் விற்ற ஈட்டன் வகை. கூம்புகளுக்கு நடுவே சுருள் ஸ்பிரிங் என்றால் போர்க்-வார்னர். சுருளே இல்லாமல் குழிந்த பிளேட் மட்டும் என்றால் டானா பவர்-லாக்.

எங்கள் துணியில் மிச்சமிருந்தவற்றில் குழிந்த பிளேட்டுகள் இருந்தன. காதுபோல் வெளியே நீட்டிய முனைகளால் உள்கூட்டில் மாட்டும் பிளேட்டுகள், உள்விளிம்பில் பல் வெட்டிய டிஸ்க்குகள், வி முனையுள்ள இரண்டு தண்டுகள், நான்கு ஸ்டார் பினியன்கள். விற்றவர் சொன்ன கிளட்ச் வகை ஷூர்-கிரிப் உண்மையிலேயே இருந்தது, பெட்டிக்குள், பிரிந்து கிடந்தது.

இதற்கு அப்புறம்தான் நிதானமாக வேலை செய்தோம். உள்கூட்டின் இரண்டு பாதிகளும் ஒரே ஜோடியா என்பது முதல் கேள்வி. இவை ஒன்றாக மாட்டி வைத்துக் கடையப்படுபவை, வேறொரு கூட்டின் பாதியை எடுத்து மாட்டினால் போல்ட் துளைகள் பொருந்தலாம், மையம் பொருந்தாது. இரண்டு பாதியிலும் பழைய பஞ்ச் குறிகள் எதிரெதிரே வந்தன, அது நல்ல அறிகுறி. ஆனாலும் உள்ளே ஒன்றும் இல்லாமல் இரண்டையும் முடுக்கி, பேரிங் உட்காரும் ஜர்னல்கள் இரண்டையும் வி பிளாக்கில் ஏற்றிச் சுற்றி, கிரவுன் அமரும் முகத்தில் டயல் கேஜ் வைத்தோம். முள் 0.03 மில்லிமீட்டருக்குள் நின்றது. ஜோடிதான்.

வி சரிவுகள் இரண்டாவது கேள்வி. பிளேட்டை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், சரிவு குழி விழுந்திருந்தால் உள்கூடே போனது. விரல் நகத்தை வைத்து மெதுவாக இழுத்தேன், எங்கும் சிக்கவில்லை. முன்னோக்கி ஓட்டும்போது தாங்குகிற பக்கம் பளபளப்பாகவும் மறுபக்கம் மங்கலாகவும் இருந்தது, அது இயல்பு. தண்டு முனைகளும் அப்படியே. காதுகள் உட்காரும் பள்ளங்களில் படிபோல் தேய்மானம் இருக்கிறதா என்று பார்த்தோம், இல்லை. பிளேட்டுகள் மட்டும் நீலம் பாய்ந்து சூட்டுத் தடத்தோடு இருந்தன, குழிந்தவற்றை ஸ்கேல் வைத்துப் பார்த்தால் கிட்டத்தட்ட தட்டையாகிவிட்டன. பிளேட் முழுவதும் புதிது என்று அப்போதே முடிவு.

சைடு கியரில் உள்பல் 30 இருக்க வேண்டும். எண்ணினோம், சரியாக இருந்தது. ஆனால் எண்ணுவதோடு விடக்கூடாது. வண்டியின் சொந்த ஆக்சில் ஷாஃப்டையே கொண்டுவந்து செருகிப் பார்த்தோம், தடையில்லாமல் முழு நீளம் இறங்கியது. பக்க பேரிங் ஜர்னலையும் அப்படித்தான், மைக்ரோமீட்டரால் அளந்து, வண்டியில் இருந்து கழற்றிய பேரிங்கில் பொறித்த எண்ணோடு ஒப்பிட்டோம். எல்லாக் காலத்து உள்கூடுகளிலும் ஜர்னல் ஒரே அளவு என்று நினைத்துக்கொண்டு பேரிங் வாங்கிவிடாதீர்கள்.

பெட்டியில் இருந்த கிரவுனும் பினியனும் எங்களைக் கொஞ்ச நேரம் ஏமாற்றின. கிரவுனில் 39, 11. அதாவது 3.55. தகரச் சீட்டு எங்கிருந்து வந்தது என்பது புரிந்தது. கிரவுனிலும் பினியன் முகத்திலும் பொறித்திருந்த ஜோடி எண் ஒன்றேதான். தொழிற்சாலையில் இரண்டையும் ஒன்றாக ஓடவிட்டுப் பல்லைச் சீராக்கி ஒரே எண் போடுவார்கள், அந்த எண் வேறுபட்டால் பல் எவ்வளவு அழகாக இருந்தாலும் இரைச்சல் போடும். எண் ஒத்துப்போனதும் நண்பர், "அப்போ 3.55-ம் இருக்கு, கிளட்ச் ஷூர்-கிரிப்பும் இருக்கு, எல்லாத்தையும் இந்த 742 கூட்டுல போட்டுடலாமே" என்றார். நானும் ஆமாம் என்றுதான் சொன்னேன். பினியன் தண்டில் வெர்னியரை வைத்த பிறகுதான் தெரிந்தது, 35 மில்லிமீட்டர். 742 பினியன் என்றால் 44-க்கு மேல் காட்ட வேண்டும். 35 என்றால் 1⅜ அங்குலம், 741-க்கான பினியன்.

ஆக அந்தப் பெரியவரின் மேசையில் எப்போதோ ஒரு 741 யூனிட்டும் ஒரு 742 யூனிட்டும் ஒரே நேரத்தில் திறந்து கிடந்திருக்கின்றன. 741-ன் கிரவுனும் பினியனும் பெட்டிக்குள் போய், அதன் சீட்டு மட்டும் 742-ல் மாட்டிக்கொண்டது.

என்ன செய்வது என்பது அப்புறம் சுலபமாக முடிவானது. வண்டியின் சொந்த வெளிக்கூடும் 742 தான், அதில் 3.23 நல்ல நிலையில் இருக்கிறது. அதன் பினியனைத் தொடவே வேண்டாம், ஆழம் சரிசெய்த ஷிம் அப்படியே இருக்கட்டும். கிரவுனை மட்டும் பழைய உள்கூட்டிலிருந்து கழற்றி பவர்-லாக் உள்கூட்டில் மாட்டுவோம். 3.55 இல்லை என்பதில் நண்பருக்கு ஒரு நாள் வருத்தம் இருந்தது, நெடுஞ்சாலையில் ஓட்டுகிற வண்டிக்கு 3.23 தான் நல்லது என்று நான் இன்றைக்கும் சொல்வேன்.

கிரவுன் போல்ட்டுகள் இடதுகைத் திருகு. இது தெரியாமல் பலம் போட்டவர்கள் அனேகம், எங்கள் கூம்பு யூனிட்டிலும் இரண்டு போல்ட் தலைகள் அப்படி மழுங்கியே இருந்தன. போல்ட் தலையில் எல் எழுத்து இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஸ்பேனரை வையுங்கள்.

எல்லாம் கூட்டி முடிக்கிற நேரத்தில்தான் கவனித்தோம், நடுவில் போகிற த்ரஸ்ட் பிளாக் இல்லை. பட்டியல் எழுதி வைத்துச் சரிபார்த்திருந்தால் இரண்டாம் நாளே தெரிந்திருக்கும். இந்த ஆக்சிலில் அசல் டேப்பர் பேரிங் போட்டிருந்தால், சக்கரம் உள்பக்கம் தள்ளும் விசை ஆக்சில் ஷாஃப்டின் உள்முனை வழியாக இந்த பிளாக்கில் இறங்கி மறுபக்க ஷாஃப்டுக்குப் போகிறது. பிளாக் இல்லாமல் மாட்டினால் ஷாஃப்ட் உள்ளே போய் எதில் மோதும் என்று யோசித்துப் பாருங்கள். பேரிங்கை விசை தாங்கும் பால் பேரிங்காக மாற்றியவர்களுக்கு இது தேவைப்படாது, அதனாலேயே பல பழைய யூனிட்டுகளில் இதைத் தூக்கி எறிந்திருப்பார்கள். நண்பர் வண்டியில் அசல் பேரிங். சாதாரண டிஃபரன்ஷியலில் இருந்து கழற்றிய பிளாக் இந்தக் குறுக்குத் தண்டுகளோடு உட்காரவில்லை.

நண்பர் பெரியவரைக் கூப்பிட்டார். குறை சொல்வதற்காகக் கூப்பிடவில்லை, நாங்கள் கண்டுபிடித்த எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். அவர் கொஞ்ச நேரம் அமைதியாக இருந்துவிட்டு, "அப்போ என்கிட்ட இருக்கிற இன்னொரு கூடு 741-ஆ தம்பி? அதுல பினியனே இல்லைன்னு இத்தனை வருஷமா நினைச்சுக்கிட்டு இருக்கேன்" என்றார். மறுநாள் அவரே ஒரு டப்பாவுக்குள் கிடந்த மூன்று பிளாக்குகளை ஸ்கேலோடு சேர்த்துப் படம் எடுத்து அனுப்பினார். இரண்டாவது பிளாக் எங்களுடையது.

மாட்டும்போது பேக்லாஷை, அதாவது கிரவுனுக்கும் பினியனுக்கும் நடுவே உள்ள பல் இடைவெளியை, இரண்டு பக்கத்துத் திருகு வளையங்களால் 0.006-லிருந்து 0.008 அங்குலத்துக்குள் கொண்டுவந்து, நீல மை தடவிப் பல் தடத்தைப் பார்த்தோம். பினியனைத் தொடாததால் தடம் பழையபடியே நடுவில் விழுந்தது. புதிய பிளேட்டுகளை மாட்டும் முன் ஒரு இரவு முழுக்க எண்ணெயில் ஊறவைத்திருந்தோம். கியர் எண்ணெயோடு லிமிடெட் ஸ்லிப்புக்கான உராய்வுச் சேர்க்கையும் ஊற்றி, காலி இடத்தில் எட்டுப் போடுவதுபோல் இரண்டு பக்கமும் மெதுவாகத் திருப்பித் திருப்பி ஓட்டினோம். முதலில் திருப்பங்களில் பின்னால் ஒரு நடுக்கம் வந்தது, பிளேட்டுகள் ஒட்டி விடுபடுகிற நடுக்கம். சிறிது நேரத்தில் அடங்கிவிட்டது. அடுத்த மழையில் நண்பர் அழுத்தியபோது வண்டி நேராகக் கிளம்பியது.

39-க்கு 11 கிரவுனையும் பினியனையும் பெரியவருக்கே திருப்பி அனுப்பினோம், அவருடைய 741-க்கு. எண்ணெய் தடவி, காகிதத்தில் சுற்றி, இரண்டும் மறுபடியும் பிரிந்துவிடாதபடி கம்பியால் ஒன்றாகக் கட்டி, அந்தப் பழைய 3.55 சீட்டையும் அதே கம்பியில் கோர்த்து விட்டேன்.